கிளுவை இலைப் பூச்சியும் பேச்சியம்மாவின் காணியும்

நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பதை எங்கள் ஆராய்ச்சி நிலையத்துப் பிள்ளைகள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. இலையில் ஒரு கோடு கண்டால் போதும், கைபேசியில் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். "அண்ணை, இது என்ன பூச்சி?" என்று பின்னால் ஒரு குரல் பதிவும் வரும். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல நான் என்ன சாத்திரக்காரனா? இலையைக் கொண்டு வாருங்கள், வைத்துப் பார்ப்போம் என்றால், அதற்கு நேரம் இல்லையாம்.

இப்போது அவர்கள் ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். பழையவர்கள் எல்லாரும் மறக்கமுடியாத ஒன்றை எழுதித் தரவேண்டுமாம். மற்றவர்கள் நெல்லைப் பற்றியும் கச்சான் கடலையைப் பற்றியும் எழுதுவார்கள். நான் ஓர் அரிசியின் பாதி நீளம்கூட இல்லாத அந்துப்பூச்சி ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். இன்றைக்கும் அதற்குப் பெயர் இல்லை. ஏன் இல்லை என்பதை முதலிலிருந்து கூட இருந்து கண்டவர் இப்போது என்னைத் தவிர எங்கள் நிலையத்தில் ஒருவரும் இல்லை.

நான் தொழிலாளியாகச் சேர்ந்து, பாத்தி கொத்தி, மருந்தடித்து, பிறகு ஆய்வுகூட உதவியாளராக வந்தவன். இடையில் போரால் நிலையமும் இடம்பெயர்ந்தது, நாங்களும் இடம்பெயர்ந்தோம். முகாமில் இருந்தோம், திரும்பி வந்தோம். வன்னியில் என் வயதுக்காரர் எல்லாருக்கும் இந்தப் பகுதி ஒரே மாதிரித்தான், அதனால் தாண்டிப் போகிறேன்.

திரும்பி வந்த பிறகு பூச்சியியல் பிரிவுக்குப் பொறுப்பாக வந்தவர் கமலா மேடம். அவருடைய தாய் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து இங்குள்ள குளத்துப் பாசனக் குடியேற்றத்துக்கு வந்து வயல் செய்தவர்கள். அவர் பனி பெய்கிற நாடொன்றில் படித்து, அங்கேயே இருக்கச் சொல்லியும் கேளாமல் திரும்பி வந்தவர். கலியாணம் செய்யவில்லை. ஏசத் தெரியாது. நாங்கள் பிழை விட்டால் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் நாங்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிடுவோம். துடைத்து மாட்டிக்கொண்டு, "திரும்பச் செய்வம்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

எங்களுக்குத் தரப்பட்ட வேலை தேசிக்காய், அதாவது எலுமிச்சை இலையில் வரும் சுரங்கப் பூச்சி. தேசித் தளிரில் வெள்ளைக் கோடொன்று வளைந்து வளைந்து போகும். பாம்பு ஊர்ந்த இலை என்று கமக்காரர்கள் சொல்வார்கள். இலைக்கு மேல்தோல் ஒன்று, கீழ்த்தோல் ஒன்று. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு புழு இருந்து, தின்று, தின்ற வழியே நகர்ந்து, அங்கேயே வளர்கிறது. கடைசியில் கூடு கட்டி, ஒரு சின்ன அந்தாகப் பறந்து போய்விடும்.

இந்தச் சாதிப் பூச்சி உலகம் முழுக்க இருக்கிறது. குளிர் நாட்டுக் காட்டு மரங்களிலும் ஆப்பிள் மரத்திலும் உண்டு, பாலைவனத்துப் பற்றையிலும் உண்டு. தேசிக்காய்ப் பூச்சி எங்கள் பக்கத்திலிருந்து கப்பலேறி உலகத்துத் தோடம்பழத் தோட்டங்களுக்கெல்லாம் போனதாம். தென்னமெரிக்காவிலிருந்து தக்காளிப் பூச்சி ஒன்று பதிலுக்கு இந்தப் பக்கம் வந்ததாம். ஆனால் பெரும்பாலானவை தங்களுக்கென்று ஒரு மரம், மிஞ்சினால் அதற்குச் சொந்தக்கார மரங்கள், அதைவிட வேறு எதையும் தொடுவதில்லை. ஒவ்வொன்றும் கோடு போடும் விதமும் வேறு. கோட்டைப் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடலாம். தான் படித்த நாட்டில் இலையுதிர் காலத்தில், விழுந்து மஞ்சளாகிய இலையில் புழு இருக்கும் இடம் மட்டும் பச்சையாகக் கிடக்கும் என்று மேடம் சொல்வார். பாறைக்குள் பதிந்த மிகப் பழைய இலைகளிலும் இதே கோடுகள் இருக்கின்றன என்றும் சொல்வார்.

"மனிசர் வாறதுக்கு முதலே இதுகள் குடியிருக்குதுகள் சிவம். அங்கை ஒவ்வொண்டுக்கும் பேர் இருக்கு, படம் இருக்கு. எங்கடை காட்டிலை இருக்கிறதுகளை ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை" என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு கவலை இருக்கும். ஒன்றுக்காவது தன் கையால் பெயர் வைத்துவிட்டுப் போகவேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை அவர் மறைத்ததில்லை.

வளர்க்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், படம் எடுக்கிற பிள்ளைகளுக்காக. இலையைப் பறித்ததும் வெயிலுக்கு நேரே பிடிக்கவேண்டும். புழு உயிரோடு இருந்தால் கோட்டின் முனையில் மெல்ல அசையும். பிறகு இலையை வெறும் யோகட் கப் ஒன்றில் போட்டு, நனைத்துப் பிழிந்த டிசு பேப்பர் துண்டு வைத்து மூடவேண்டும். ஈரம் கூடினால் பூஞ்சணம் பிடிக்கும். குறைந்தால் இலை முறுகிப் புழு செத்துவிடும். கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாலும் பல தடவை கூட்டிலிருந்து அந்து வராது, குளவிதான் வரும். புழுவின் உடம்பிலேயே முட்டை இட்டு, அதைத் தின்று வளர்ந்த சின்னக் குளவி. அந்து வந்துவிட்டால் நாங்கள் மூச்சை அடக்கவேண்டும், மூச்சுப் பட்டாலே செட்டையிலுள்ள செதில் பறந்துவிடும். குளிர்ப்பெட்டியில் வைத்து, தலைமயிரை விட மெல்லிய ஊசியில் குத்தி, கீழே ஒரு துணுக்குக் கடதாசியில் ஊர், மரம், நாள், எடுத்தவர் என்று எழுதவேண்டும்.

ஊர் எழுதாத பூச்சி குப்பைக்குச் சமன். இது மேடத்தின் சட்டம். ஒட்டுசுட்டான் பக்கத்தில் எடுத்த இலைகளுக்கு ஊர் எழுதாமல் விட்டோம் என்று, ஒரு மாதம் வளர்த்ததை அப்படியே கொட்டச் செய்தவர் அவர்.

மீள்குடியேற்றக் காலத்தில் தேசிமரம் பார்க்க உடையார்கட்டுப் பக்கம் போனோம். வீதிக்கு ஒரு பக்கம் தகரக் கொட்டில்கள், மறுபக்கம் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளும் நாடாவும். உள்ளே மிதிவெடி எடுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. கொட்டிலொன்றிலிருந்து ஓர் அம்மா எங்கள் வாகனத்தை மறித்தார். அவர்தான் பேச்சியம்மா. தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறுபிள்ளையாகத் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர். காடு வெட்டி, கிணறு வெட்டி, ஏக்கர் கணக்கில் இல்லாவிட்டாலும் தங்களுக்கென்று ஒரு காணியை உண்டாக்கிய குடும்பம்.

"ஐயா, நீங்க மரத்து ஆக்களா?" என்று கேட்டார்.

"பூச்சிக்காரர் அம்மா" என்றேன்.

"யாரா இருந்தாலும் பரவாயில்லை. கவுருமெண்டு ஆக்கள்தானே. உள்ள வேலை செய்யிற புள்ளையளிட்ட ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, அந்தக் கிளுவைய வெட்டவேணாம் எண்டு."

நாடாவுக்கு அப்பால் இடிந்த பங்கர் ஒன்றின் மேடு தெரிந்தது. அதன் பக்கத்தில் ஒரு கிளுவை மரம் நின்றது. மேடம் வாகனத்தை விட்டு இறங்கி, ஏன் என்று கேட்டார்.

"என்ர மகள் சுகந்தி அதுக்குக் கீழதான் இருக்கிறாள்" என்றார் பேச்சியம்மா.

பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த பிள்ளை. செல் குண்டு விழுந்தபோது பங்கருக்குள் இறங்கக் கொஞ்சம் பிந்திவிட்டது. சின்னப் பிள்ளைகளை எங்கள் ஆட்கள் எரிப்பதில்லை. பங்கர் வாசலுக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். அடையாளத்துக்குக் கல் தேடவும் நேரம் இல்லை. தாய் வேலியில் ஒரு கிளுவைக் கதியாலை முறித்து அந்த இடத்தில் குத்திவிட்டு, மற்றப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். வேலிக்கு நடுகிற கதியால் மழை கண்டால் வேர்விடும். அது வேர்விட்டு, தளிர்த்து, அவர் முகாமில் இருந்த காலமெல்லாம் வளர்ந்து மரமாகிவிட்டது. அது இல்லாவிட்டால் அந்த மேட்டில் எந்த இடம் என்று அவருக்கே தெரியாது.

மேடம் வெடி எடுக்கும் அணியின் பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் கதைத்தார். நல்ல மனிதர். "மேடம், பெரிய மரமெண்டா விடுவம். பத்தையெண்டா அடியோடை வெட்டவேணும். இது ரெண்டிலையும் சேராது. மேலிடத்திலை கேட்டா வெட்டு எண்டுதான் சொல்லுவினம்" என்றார். அந்த அம்மாவைப் பார்க்க அவருக்கும் மனம் கேட்கவில்லை. பாதுகாப்பான பாதையால் போய் ஒரு சின்னக் கொப்பை முறித்துக்கொண்டு வந்து பேச்சியம்மாவிடம் கொடுத்தார். பேச்சியம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மேடம் அந்தக் கொப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "அம்மா, ஒரு இலை தருவியளோ?" என்று கேட்டார். வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தார். கோடு முதலில் வட்டம் வட்டமாக வெளியே சுற்றி வந்து, பிறகு நரம்பு வழியே ஒரே நேராகக் காம்புவரைக்கும் போயிருந்தது.

"சிவம், இதை எங்கையாவது கண்டிருக்கிறீரோ?"

"இல்லை மேடம்."

"நானும் காணேல்லை."

அன்றைக்கே மேடம் அந்த மரம் ஆராய்ச்சிக்குத் தேவை என்று எழுதிக் கொடுத்தார். மேலிடம் ஏற்றுக்கொண்டது. கிளுவையைச் சுற்றிக் கையால் மண்ணைக் கிளறி வெடி பார்த்தார்கள், மரத்தை வெட்டவில்லை. பிள்ளை கிடந்த இடத்தைப் பொறுப்பாளர் தானே முழங்காலில் இருந்து பார்த்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். காணி விடுபட்டதும் பேச்சியம்மா முன்பக்கத்தில் கொட்டில் போட்டுக் குடிவந்தார்.

அந்த வருட மாரி மழைக்கு நாங்கள் வளர்த்த புழுக்களிலிருந்து எல்லாம் குளவியே வந்தது. மேடம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, திரும்பச் செய்வோம் என்றார். முல்லைத்தீவு வரைக்கும் வேலி வேலியாகக் கிளுவை பார்த்தோம், ஒன்றிலும் அந்தக் கோடு இல்லை. வேலிக் கிளுவையை வருடா வருடம் வெட்டி ஆட்டுக்குக் குழை போடுகிறோம், வெட்டாமல் விட்ட மரத்தில்தான் அது தங்குகிறதாக்கும் என்பது மேடத்தின் எண்ணம்.

அடுத்த மாரியில் ஒரு காலை கப்பின் மூடியில் அந்து இருந்தது. பொன்னிறச் செட்டை, நுனியில் கறுப்புப் பொட்டு, தலையில் ஒரு சின்னக் குடுமி. வேறு சிலவும் அந்த வாரத்திலேயே வந்தன. மேடம் பூதக்கண்ணாடியிலிருந்து நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. படங்களைத் தன் பழைய பேராசிரியருக்கு அனுப்பினார். அப்படி ஒன்றை அவரும் அறியவில்லை என்று பதில் வந்தது. அன்றைக்கு மேடம் காசு கொடுத்து நிலையம் முழுக்க ரோல்ஸும் பிளேன்ரீயும் வாங்கித் தந்தார். அவர் அப்படிச் சந்தோசப்பட்டு நான் முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை.

பூச்சிக்குச் சுகந்தி என்று பெயர் வைக்கலாமா என்று பேச்சியம்மாவிடம் கேட்கப் போனோம். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"செத்த புள்ளையின்ர பேரைப் பூச்சிக்கு வைக்கிறதா? நல்லா இருக்குது உங்கட படிப்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நாளில் பேச்சியம்மா பஸ் பிடித்து நிலையத்துக்கே வந்தார். ஒரு பையில் கத்தரிக்காய் கொண்டுவந்திருந்தார். பூச்சியைக் காட்டச் சொன்னார். பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"வையுங்கோ அம்மா," என்றார். "வீட்டில யாரும் அந்தப் பேரைச் சொல்றதில்ல. சொன்னா நான் அழுவன் எண்டு பயம். வேற நாட்டுக்காரராவது சொல்லட்டும்."

மேடம் கட்டுரையை எழுதத் தொடங்கினார். அது முடிகிற நேரத்தில்தான் பக்கத்து ஊரொன்றில் சனம் தெருவுக்கு வந்தது. அவர்களுடைய மேட்டுக்காணிகளில் அரிய மரமும் விலங்கும் இருப்பதாக யாரோ எழுதியிருக்கிறார்கள். அதைக் காட்டி ஓர் அரசாங்கத் திணைக்களம் எல்லைக்கல் போட்டுவிட்டது. உறுதிப் பத்திரம் வைத்திருந்தவர்களும் கல்லுக்கு வெளியே நின்றார்கள். எழுதியவர் கெட்டவர் இல்லை, எங்களைப் போல ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

மேடம் அடுத்த நாள் ஆய்வுகூடத்துக்கு வந்து கதிரையில் இருந்தார். மேசையில் அந்துகள் ஊசியில் நின்றன, கீழே, பெயரோடு சேர்த்து எழுதுவோம் என்று விட்ட துணுக்குக் கடதாசி வெறுமையாகக் கிடந்தது.

"பேர் வைச்சா இடம் எழுதவேணும் சிவம். ஒரே ஒரு மரத்திலை இருக்கிற பூச்சி எண்டு எழுதவேணும். எழுதினா அந்த மனிசியின்ரை காணிக்கு ஆர் பொறுப்பு?"

"ஆர் மேடம் இதையெல்லாம் வாசிக்கப் போகினம்?" என்றேன். எனக்கு அந்தக் கட்டுரை வரவேண்டும் என்று ஆசை. இத்தனை பாடுபட்டும் பெயர் இல்லாமல் போவதை என்னால் தாங்க முடியவில்லை.

"ஒருத்தரும் வாசிக்காயினம். கல்லுப் போடவேணுமெண்டா மட்டும் தேடி எடுத்து வாசிப்பினம்" என்றார்.

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, மேசையில் வைத்தார். பிறகு அந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஊர் இல்லை, மரம் இல்லை, ஒன்றும் எழுதாமல், பெட்டியில் கடைசி வரிசையில் குத்தி மூடினார். என் வேலைக்காலத்தில் நான் பார்த்த மிகக் கடினமான காரியம் அதுதான். கிணறு வெட்டப் பூதம் வரும் என்று பயந்து, தண்ணீர் கண்ட கிணற்றைத் தன் கையாலேயே மூடினார்.

பேச்சியம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். "பேர் இல்லாட்டிப் போகுது ஐயா, காணி இருந்தாக் காணும்" என்றார். பிறகு, "அந்த அம்மாவுக்கு மனசு நொந்திருக்கும்" என்றும் சொன்னார்.

மேடம் ஓய்வு பெற்றுக் கொஞ்சக் காலத்தில் நோயில் விழுந்து காலமானார். நானும் ஓய்வு பெற்றேன். அதன் பிறகு ஒருநாள் பேச்சியம்மாவின் காணிக்குக் கல் வந்தது.

பூச்சியால் இல்லை. முன்பக்கம் வீடு, பின்பக்கம் காடு என்று பிரித்துவிட்டார்கள். சனம் இல்லாத வருடங்களில் மேலேயிருந்து எடுத்த படத்தில் அங்கே பச்சையாக இருந்ததாம். வெடி கிடக்கிறது, உள்ளே போகாதே என்று ஆட்களை வெளியே நிறுத்தி வைத்தால் அந்த இடத்தில் பற்றை வளராமல் வேறு என்ன வளரும்? பங்கர் மேடும் கிளுவையும் கல்லுக்கு உள்ளே போய்விட்டன. பிள்ளையின் நினைவு நாளுக்கு விளக்குக் கொளுத்தப் போன பேச்சியம்மாவை, காட்டுக்குள் நெருப்பு வைக்கிறாய், வழக்குப் போடுவோம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மேடம் எதற்காக அந்தப் பெயரை விட்டாரோ அது இல்லாமல் போனது. அவர் இதைக் காணாமல் போனதுதான் எனக்கு ஆறுதல், அப்படி ஓர் ஆறுதலைச் சொல்லிக்கொள்ள வெட்கமாகவும் இருக்கிறது.

பேச்சியம்மா என் வீட்டுக்கு வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"பூச்சி பாக்கிற ஆக்களை உள்ள விடுவாங்களாம், உண்மையா ஐயா?"

"கடிதம் எடுத்தா விடுவினம்."

"அப்ப எடுங்கோ. நான் உங்களுக்குப் பை தூக்கிக்கொண்டு வாறன்."

எனக்கு இப்போது என்ன அதிகாரம்? மேடத்தின் கதிரையில் இருக்கும் துஷ்யந்தியிடம் போனேன். பெட்டியைத் திறந்து, கடைசி வரிசையைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். இடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்துத்தான் சொன்னேன். காக்க இனி ஒன்றும் மிஞ்சவில்லை. துஷ்யந்தி துணுக்குக் கடதாசியில் உடையார்கட்டு என்று எழுதினாள்.

விண்ணப்பம் மேசை மேசையாகப் போய் வர மாரி கழிந்துவிட்டது. அனுமதி கிடைத்தபோது வைகாசியில் வரும் வற்றாப்பளை அம்மன் பொங்கலும் முடிந்து, சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு நாளுக்குத்தான் அனுமதி. வரும் தொழிலாளர் என்ற இடத்தில் பேச்சியம்மாவின் பெயரைப் போட்டிருந்தாள் துஷ்யந்தி.

காவலாளி ஒருவர் முன்னே நடந்தார். பேச்சியம்மா யோகட் கப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்தார். கிளுவைக்குக் கிட்டப் போய் நிமிர்ந்து பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. கோடையில் கிளுவை இலையை முழுக்க உதிர்த்துவிடும். வேலிக் கிளுவை ஒவ்வொரு வருடமும் மொட்டையாக நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான், அனுமதி வந்த சந்தோசத்தில் அது நினைவுக்கு வரவில்லை. மரத்தில் ஓர் இலை இல்லை. கீழே விழுந்திருந்தவையும் பொடிப்பொடியாகக் கிடந்தன.

துஷ்யந்தி என்னைப் பார்த்தாள். "இனி என்ன அண்ணை செய்யிறது?" என்றாள்.

பேச்சியம்மா பையை இறக்கிவிட்டு மரத்தடியில் இருந்தார். கையால் சருகை ஒதுக்கி, அந்த இடத்து மண்ணைத் தடவிக்கொண்டிருந்தார். விளக்கும் இல்லை, பூவும் இல்லை. "சுகந்தி" என்று ஒருமுறை கூப்பிட்டார். அவர் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். காவலாளி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நேரமாகிவிட்டது என்று சொன்னபோது பேச்சியம்மா எழுந்து சேலையைத் தட்டினார். துஷ்யந்தி கையில் வைத்திருந்த கடதாசியைப் பார்த்தார்.

"அதில என்ன எழுதுவீங்க புள்ள?"

"போனது, பாத்தது எல்லாம் எழுதவேணும் அம்மா. பூச்சி கிடைச்சுதோ இல்லையோ எண்டு."

"கிடைக்கேல்ல எண்டு எழுதுங்கோ. மழைக்குப் பிறகு திரும்ப வரவேணும் எண்டும் எழுதுங்கோ." காவலாளியின் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அப்பவும் கிடைக்கேல்ல எண்டே எழுதுங்கோ புள்ள. கிடைச்சிட்டா வேலை முடிஞ்சுது எண்டு பிறகு என்னை உள்ள விடமாட்டாங்க."

துஷ்யந்தி பேனையை எடுத்து எழுதத் தொடங்கினாள்.